மார்ச் வந்தால் எனக்குக் கூடைப்பந்து



"டீச்சர், ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது?" என்று போனில் பலர் கேட்கிறீர்கள். மற்ற மாதங்களுக்கு வேறு வேறு பதில் உண்டு. மார்ச் மாதத்துக்கு ஒரே பதில்தான்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. சிரிக்காமல் கேளுங்கள்.

இந்த விளையாட்டை உண்டாக்கியவரே நம் வாத்தியார் இனம்தான். 1891-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களைச் சமாளிக்க, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளை உயரத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதினார். மழை நாளில் ஐந்தாம் வகுப்பை உள்ளே உட்கார வைத்துப் பார்த்தவளுக்கு அவர் பட்ட பாடு நன்றாகவே புரியும்.

இப்போது ஒவ்வொரு மார்ச்சிலும் 68 கல்லூரி அணிகள் மோதுகின்றன. தோற்றால் மறுவாய்ப்பு இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1-ஆம் இடமும் 16-ஆம் இடமும் மோதும். ஆண்கள் போட்டியில் 2018 வரை 135 முறை அப்படி மோதி, 135 முறையும் 1-ஆம் இடமே ஜெயித்திருந்தது.

அந்த ஆண்டு என் மகன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். அவர்கள் அணிதான் மொத்தப் பட்டியலிலும் முதலிடம். மார்ச் 16 அன்று, மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகம் என்ற 16-ஆம் இடத்து அணியோடு ஆட்டம். இடைவேளையில் 21-21. முடிவில் 74-54 என்று வர்ஜீனியா தோற்றது. நமக்குச் சனிக்கிழமை காலை. மகன் போனில் பேசிய குரலைக் கேட்டு, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அவனோடு சில மாதம் தங்கப் போனேன். அதே பயிற்சியாளர் டோனி பென்னட். பிள்ளைகளும் பெரும்பாலும் அதே பிள்ளைகள். ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் டிவியில் அந்தப் பழைய தோல்வியைத்தான் பேசுவார்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு பையனின் பழைய மார்க்கைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே விளையாடினார்கள்.

அரையிறுதியில் ஆபர்ன் அணியிடம் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, மிச்சம் 0.6 விநாடி. கைல் கைக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. மைதானமே பார்க்க, கரும்பலகை முன் தனியாக நிற்கும் குழந்தைபோல் நின்றான். மூன்றையும் போட்டான். 63-62. நான் சோபாவைவிட்டு எழுந்தது எனக்கே தெரியாது.

இறுதி ஆட்டம் டெக்சஸ் டெக் அணியோடு. 12 விநாடி இருக்கும்போது டிஆண்ட்ரே ஹண்டர் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தான். முந்தைய ஆண்டு மணிக்கட்டு முறிந்திருந்ததால் அந்தத் தோல்வி ஆட்டத்தில் ஆட முடியாமல் போனவன் அவன். கூடுதல் நேரத்தில் 85-77. வர்ஜீனியாவுக்கு முதல் சாம்பியன் பட்டம். மகன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பி.எச்டி. முடித்த அன்றுகூட அவன் அழவில்லை.

பட்டம் வாங்கிக் கொடுத்த கைல் கை, ஹண்டர், டை ஜெரோம் மூவரும் அந்தக் கோடையிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். கல்லூரி அணி என்றால் அப்படித்தான். முகம் மனதில் பதிந்து, "நம்ம பிள்ளை" என்று சொல்ல ஆரம்பிக்கும்போது படிப்பு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அதே சட்டையில் வேறு பிள்ளைகள்.

இது எனக்குப் பழகிய காரியம். 33 வருஷம் ஐந்தாம் வகுப்பை முடித்து அனுப்பியவள். உங்களை ஆறாம் வகுப்புக்கு வழியனுப்பிவிட்டு, ஜூனில் புதுப் பெயர்களை வருகைப் பதிவேட்டில் எழுதும்போது மனம் கொஞ்சம் கனக்கும். ஒரு வாரத்தில் அந்தப் புதுப் பெயர்களும் வாயில் பழகிவிடும். ரிட்டயர் ஆனதும் அந்த ஜூன் எனக்கு இல்லாமல் போனது. இப்போது ஒவ்வொரு ஆண்டும் புது அணியின் பெயர்களைப் படிக்கும்போது அது திரும்பக் கிடைக்கிறது.

ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணி என்று நினைக்காதீர்கள். 2021, 2023, 2024 மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். அப்போதும் பார்த்தேன். ஆட இடம் கிடைக்காமல் பெஞ்சில் இருக்கும் பையன், மற்றவன் பந்து போட்டதும் துண்டைச் சுழற்றித் துள்ளுவான். என் கண் பாதி நேரம் அவன்மேல்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு சேதி. 2018-இல் வர்ஜீனியாவைத் தோற்கடித்த அந்தச் சின்ன அணியின் பயிற்சியாளர் ரயன் ஓடம். 2025 மார்ச்சில் வர்ஜீனியா அவரையே தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. நம்மை ஜெயித்தவரையே நம் பிள்ளைகளுக்கு வாத்தியாராக வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உங்களில் யார் யார் எந்த அணிக்குக் கைதட்டுகிறீர்கள்? கபடியோ கிரிக்கெட்டோ, எதுவானாலும் எழுதுங்கள். தோற்கும் அணி என்றால் இன்னும் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்