முறைக்காய்ச்சல்

தமிழ் கற்பிக்கும் எமக்கு நோயைப்பற்றி எழுத என்ன உரிமை என்று இம்மலரை விரிக்கும் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். உரிமை ஒரு சொல்லின் வழியே வந்தது. சென்ற ஆண்டு வகுப்பில் "முறைக்காய்ச்சல்" என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கேட்டோம். பரீட்சை வருந்தோறும் முறையாக வருங் காய்ச்சல் என்றான் ஒருவன். வகுப்புச் சிரித்தது, யாமுஞ் சிரித்தோம். ஆயின், அவன் பாட்டனார் இதே நகரில் மாணவராயிருந்த காலத்தில் அச்சொல்லுக்கு எவரும் பொருள் கேட்டிரார்.

மேனாட்டார் இந்நோய்க்கு இட்ட மலேரியா என்னும் பெயர் இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்று பொருள்படும். நம்மவர் இட்ட பெயரோ நோயின் நடையையே சொல்கிறது. நுளம்பின் கடிவழியே உடலினுட் புகும் ஒட்டுண்ணி, முதலில் ஈரலிற் குடிகொண்டு, பின்னர்க் குருதியின் செவ்வணுக்களுட் புகுந்து பெருகுகிறது. ஏறக்குறைய 48 மணிக்கொருமுறை அவ்வணுக்கள் கூட்டமாக வெடிக்கின்றன. வெடிக்கும்போது குளிர், பின் அனல், பின் வியர்வை, பின் ஒருநாள் ஓய்வு. குற்றவாளி நுளம்பே என்பதற்கு வழிகாட்டிய சான்றை 1897ஆம் ஆண்டு செக்கந்தராபாத்தில் இரொனால்ட் ரொஸ் கண்டார். காரணம் அறியாத காலத்திலேயே காய்ச்சலின் முறையைக் கணக்கிட்டுப் பெயரிட்ட நம் முன்னோரை மெச்சாதிருத்தல் எம்மால் இயலவில்லை. தமிழாசிரியரின் பலவீனம் என்று பொறுத்தருள்க.

கண்டியரசு நெடுங்காலம் அந்நியர்க்கு அடங்காதிருந்தமைக்கு மலையுங் காடும் மாத்திரம் காரணமல்ல. 1803ஆம் ஆண்டு இந்நகரிற் பாசறை அமைத்த ஆங்கிலப் படை, போரினும் நோயினாலேயே மெலிந்து, மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர் எத்தனையோ பேரை அவ்வழியிலேயே விழச் செய்தவற்றுள் இந்நோயும் ஒன்று.

ஆயினும் 1934இன் இறுதியில் நிகழ்ந்ததற்கு ஒப்புமை வேறில்லை. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலியும் மகா ஓயாவும் வற்றி, மணற்படுக்கையிற் குட்டை குட்டையாய்த் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு இனத்து நுளம்பு சாக்கடையை நாடுவதன்று. வெயில் படுந் தெளிந்த நீரையே நாடுவது. வற்றிய ஆறு அதற்குத் தொட்டிலாயிற்று. உலர்வலயத்து மக்கள் சிறுபிராயந் தொட்டே இக்காய்ச்சலோடு பழகியவர். கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டத்துத் தாழ்ந்த பகுதிகள் ஆகியவற்றின் மக்களுக்கு அப்பழக்கமும் எதிர்ப்பும் இல்லை. விளைவுங் குன்றியிருந்தது, வயிறு காய்ந்திருந்தது. ஏறக்குறைய 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த இத்தீவில் 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டனர்.

எம் அப்பாயிக்கு அப்போது ஒன்பது வயது. மாவனெல்லையில் அவருடைய தந்தையார் ஒரு சிறு தேநீர்க்கடை வைத்திருந்தார். முதற் சில நாள்களிற் சாப்பறை கேட்டுக்கொண்டேயிருந்ததாம். பின்னர் அதுவும் நின்றுவிட்டதாம், பறையடிப்போரும் படுத்துவிட்டனர். நான்கு வயதுத் தம்பி தை மாதத்தில் இறந்தான். அவனுடைய வயிறு இடப்பக்கம் கல்லைப்போல் வீங்கியிருந்ததை அப்பாயி தம் உள்ளங்கையை வளைத்துக் காட்டுவார். தோட்டத்து லயங்களிலே சாவு குறைவாயிருந்ததென்றும், தாங்கள் அங்கேயே இருந்திருக்கலாமென்றும் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் எழுதியனவும் அவர் சொல்லை மெய்ப்பிக்கின்றன: தோட்டங்களிற் கூலியும் அரிசியும் மருந்துக்கடையும் இருந்தன, உயரமுந் துணைநின்றது.

அந்நாளிற் சூரியமல் இயக்கத்து இளைஞர் கொயினாவும் பருப்பும் மார்மைற்றும் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேராவுக்குப் "பருப்பு மாத்தயா" என்று மக்கள் பெயரிட்டனர். 1936இல் உருவன்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். பசித்தவர்க்கு மருந்தோடு உணவும் வேண்டுமென்பதை அவர்கள் கண்டறிந்ததே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

அப்பாயி காட்டிய வீக்கம் மண்ணீரல் வீக்கமாகும். மண்ணீரல் நிணநீர்த் தொகுதியைச் சேர்ந்தது. நோயுற்ற செவ்வணுக்களை வடித்தெடுப்பதில் அது வீங்கும். ஆதலின் ஓரிடத்து மலேரியாவை அளக்க விரும்பிய அதிகாரிகள் நேரே பாடசாலைக்கு வந்தனர். மாணவரை வரிசையில் நிறுத்தி, இட விலாவின் கீழே தடவி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளதென எண்ணினர். வாய்பாட்டை ஒப்புவிக்கும் வரிசையைப்போல இதுவும் ஒரு வரிசை.

1945ஐ அடுத்த ஆண்டுகளில் டீ.டீ.ரீ. மருந்தை வீட்டுச் சுவர்களில் விசிறினர். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மாத்திரமே நோய் கண்டது. பதினேழு! இனி அச்சமில்லையென்று மருந்து விசிறுவதை நிறுத்தினர், தேடுவாருங் குறைந்தனர். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்வந்த தலைமுறை அதன் விலையைக் கொடுத்தது, யாமுங் கொடுத்தோம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து மாத்தளைப் பக்கந் திருப்பியபின், அணைக்குக் கீழே ஆறு மெலிந்தது. 1980களின் நடுவில், மலேரியா பழக்கமில்லாத கண்டியின் ஆற்றோரங்களிலும் அது தலைகாட்டியது. அப்போது தென்னக்கும்புறையில் ஆறு வயதுச் சிறுவராயிருந்த எமக்கும் வந்தது. கம்பளி மூன்று போர்த்தியும் பற்கள் அடித்துக்கொண்ட ஓசையும், மாத்திரையின் கசப்பும், காய்ச்சல் விட்ட பின்னும் அம்மா வாயைத் திறக்கச் சொல்லி நாவின் கீழ் நோக்கிய பார்வையும் நினைவிலுள்ளன. அப்பாயி மட்டும் இரவெல்லாம் எம் இட விலாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

2012 ஒற்றோபருக்குப் பின் இந்நாட்டில் தொற்றிய நோயாளர் எவருமின்றி மூன்றாண்டு கடந்தமையால், உலக சுகாதார நிறுவனம் 2016 செத்தெம்பர் 5ஆம் நாள் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கியது. போர்க்காலத்திலுங் குருதி மாதிரி எடுத்துத் திரிந்த களப்பணியாளர்க்கே அப்பெருமை உரியது. நுளம்போ போய்விடவில்லை. இந்தியாவின் நகரங்களில் வாழும் அனோபிலிசு இனமொன்று அதே ஆண்டின் இறுதியில் மன்னாரிற் காணப்பட்டது. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகவல்லது.

இதனை எழுதத் தூண்டியது எம் வகுப்பு நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததே. மேற்கு ஆபிரிக்காவிற் பணிபுரியும் அவர் சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊர் வந்தார். எட்டாம் நாள் காய்ச்சல். கண்டியில் அது டெங்குக் காலம். அவர் சென்ற தனியார் மருந்தகத்திற் குருதியைச் சோதித்தனர், குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருந்தன, டெங்கு என்றனர். மலேரியாவிலும் அவை குறையும். எங்கிருந்து வந்தீர் என்று அவர்களுங் கேட்கவில்லை, இவருஞ் சொல்லவில்லை. நான்காம் நாள் பிதற்றத் தொடங்கினார். அரசாங்க வைத்தியசாலையில், எம் மாணவர் வயதை அண்மையிற் கடந்தவர் போன்ற ஒரு பெண் வைத்தியர், அவருடைய மனைவியிடம் முதற் கேள்வியாகவே, "எந்த நாட்டிலிருந்து வந்தவர்?" என்றார். அரைமணியில் கண்ணாடித் தகடு நுணுக்குக்காட்டியின் கீழிருந்தது. மூளையைத் தாக்கும் கொடிய வகை.

இரவு முழுதும் யாம் விடுதிக்கு வெளியே வாங்கிலிருந்தோம். ஊசிவழி ஏற்றிய மருந்து, நம் மாசிபத்திரிக்கு உறவான சீனப் பூண்டொன்றிலிருந்து எடுக்கப்படுவதாம். அதனைக் கண்ட தூ யூயூ அம்மையார்க்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. விடியற்காலையில் நண்பர் கண்விழித்துத் தண்ணீர் கேட்டார்.

அடுத்த கிழமை மலேரியாத் தடை இயக்கத்தார் அவருடைய தெருவிற்கு வந்து, கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் அகப்பையாற் கோலி நோக்கினர். அயலாரிடங் குருதித் துளி எடுத்தனர். அயலார் சிலர் முணுமுணுத்தனர். நண்பர் மீண்டும் பயணப்படுமுன், புறப்படுவோர்க்கு இலவசமாக வழங்கும் தடுப்பு மாத்திரைகளைப் பெற்றுவந்து, மேசைமேல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். யூபிலி விழாவுக்குக் கடல்கடந்து வரவிருக்கும் பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைச் சங்கச் செயலாளர் எம்மிடங் காட்டியபோது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரேயிருந்த நாட்டின் பெயரையே முதலிற் படித்தோம்.