பத்மினியின் மைலேஜும் என் பழைய கணக்கும்



"சார், அந்தப் பழைய பத்மினிய இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மூன்று பேர் கேட்டீர்கள். வைத்திருக்கிறேன், ஓடுகிறது. "லிட்டருக்கு எவ்வளவு சார் குடுக்குது?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நடுவில் கொஞ்சம் கணக்குப் பாடம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பழக்கம்தானே.

வண்டி 1988 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர். 1997-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நல்ல நாளில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி. இரண்டு வருடம் முன்பு அதன் கார்புரேட்டர் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது. அதே கம்பெனி பொருள் புதிதாகக் கிடைக்கவில்லை. உறவுக்காரப் பையன் சென்னை ஜி.பி. ரோட்டில் அலைந்து, வெளி மார்க்கெட் கார்புரேட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினான். ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டினேன். அன்றிலிருந்து லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான். சைலன்சரில் கறுப்புப் புகை, கார் ஷெட்டில் பெட்ரோல் வாடை. "பக்கத்துல ஊதுவத்தி கூட ஏத்த பயமா இருக்கு" என்றாள் வீட்டுக்காரி.

மகன் போனில், "பேசாம வித்துடுங்கப்பா" என்றான். விற்றிருப்பேன். ஆனால் அக்காவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி, வாரம் ஒரு முறை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ் படி அவளால் ஏற முடியாது. பத்மினி சீட்டின் உயரம் அவளுக்குத் தோதாக இருக்கிறது. போக வர 80 கிலோமீட்டர். 8 கிலோமீட்டர் கொடுத்தால் 10 லிட்டர். 12 கொடுத்தால் ஆறே முக்கால் லிட்டருக்கும் குறைவு. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் நான்கு நடைக்கு 1,300 ரூபாய் வித்தியாசம். பென்ஷன்காரனுக்கு இது சின்னத் தொகை இல்லை.

நம் பள்ளியில் படித்து இப்போது பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்தார். வந்தவுடன் கார்புரேட்டரைத் திருகவில்லை. "சார், இதுல கைய வைக்கிறதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் பாத்துடணும்" என்றார். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக் இடைவெளி, சி.பி. பாயிண்ட், இக்னிஷன் டைமிங், வால்வு இடைவெளி, எல்லாம் வரிசையாகப் பார்த்தார். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றினார். பின்சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது. பாதி நோய் வேறு இடத்தில் இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகி என்ன பயன்?

பிறகுதான் கார்புரேட்டர். அதன் வேலை ஒன்றே ஒன்று: காற்றோடு பெட்ரோலைச் சரியான அளவில் கலப்பது. எடைக் கணக்கில் 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் 'ரிச்', குறைந்தால் 'லீன்' என்பார்கள். என் வண்டி ரிச். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. சரியான கலவை என்றால் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டுமாம்.

காரணம் இரண்டு. புதிய கார்புரேட்டரின் சோக் நெம்புகோல் பழையதைவிட நீளம். அதனால் சோக் கேபிளை முழுக்க உள்ளே தள்ளினாலும் தகடு முழுசாகத் திறக்கவில்லை. காலை குளிருக்குப் போட்ட போர்வையோடு நாள் முழுக்க நடந்த மாதிரி. இரண்டாவது, ஃப்ளோட் மட்டம் உயரமாக இருந்தது. பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வும் சரியாக உட்காரவில்லை. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மிதவை பழுதானால் தண்ணீர் வழியுமே, அதே கதை. இரண்டையும் சரி செய்தார். அடியில் உள்ள கேஸ்கெட்டின் துளைகளும் பொருந்தவில்லை, வேறு வெட்டிப் போட்டார்.

அடுத்து ஐடிலிங். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மிக்ஸ்சர் ஸ்குருவை மெதுவாக உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்தி (இறுக்கினால் முனை கெட்டுவிடும்), ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்தார். கால் கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் எங்கே ஓசை சீராகி வேகம் கூடுகிறதோ அங்கே நிறுத்தினார். பிறகு மற்ற ஸ்குருவில் வேகத்தைக் குறைத்தார். மறுபடி ஒருமுறை. "மைலேஜுக்காக இந்த ஸ்குருவத்தான் எல்லாரும் திருகுறாங்க சார். இது வண்டி நிக்கும்போது மட்டும்தான் பெருசா வேலை செய்யும். ரோட்டுல ஓடும்போது மெயின் ஜெட்தான்" என்றார்.

தஞ்சாவூர் போய் வந்து அளந்தேன். டேங்கை முழுக்க நிரப்பி, திரும்பி வந்து அதே பங்க்கில் அதே குழாயில் மறுபடி நிரப்பும் முறை. ஓடோமீட்டரைச் சாலையோரக் கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டும் பார்த்தேன். 10.5 வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஆசை விடவில்லை.

அந்த மெயின் ஜெட்டில் 125 என்று இருந்தது. துளையின் விட்டம் 1.25 மில்லிமீட்டர் என்று பொருள். தம்பி, "120 போட்டுப் பாக்கலாம் சார், அதுக்குக் கீழ வேணாம்" என்றார். நானோ 115 வாங்கி நானே மாட்டினேன். இங்கேதான் கணக்கு வாத்தியார் கோட்டை விட்டேன். விட்டம் 8 சதவீதம்தானே குறைகிறது என்று நினைத்தேன். ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பு வழியாக. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் மாறும். போட்டுப் பாருங்கள்: 15 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் உண்டு. அதனால் அதே ஜெட்டில் கலவை இன்னும் லீன் ஆகும்.

முதல் அளவில் 13 வந்தது! நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டு மூன்று பேருக்கு போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கியதையும், கார்புரேட்டர் பக்கம் அவ்வப்போது தும்மியதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மே மாத மத்தியானம். தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது பாபநாசம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறியது. வண்டி இரண்டு தடவை உதறி நின்றுவிட்டது. ஆறின பிறகும் சுலபத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் அக்கா அந்த வெயிலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன செய்தேன் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "ஏன்டா தம்பி, வயித்துக்குப் போடாமலா அதுகிட்ட மார்க்கு வாங்கின?" என்றாள்.

வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன். வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிருந்தா வால்வு கருகிருக்கும் சார்" என்றார் தம்பி. 120 ஜெட்டைப் போட்டார். இப்போது 11.8. பிளக் பிஸ்கட் நிறம். போன வாரமும் அக்காவோடு போய் வந்தேன்.

ஆனால் அக்கா கேட்ட கேள்வி அன்று இரவு தூங்க விடவில்லை. அது வண்டியைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம், ஐந்தாம் வகுப்பு. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார். என் வகுப்பில் இரண்டு பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முதல் நாள் சாயங்காலம் அவர்களைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம், லீவு" என்றேன். மறுநாள் வகுப்பு கடகடவென்று வாசித்தது. பார்வைப் புத்தகத்தில் 'வாசிப்பு மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார் அலுவலர். அதற்கும் மனசுக்குள் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் அந்த இருவரில் ஒருவன் என் மேஜையருகே வந்து கேட்டான்: "சார், நேத்து எல்லாருக்கும் லீவு இல்லையா?"

"போய் உக்காரு" என்றேன். அவ்வளவுதான் என் பதில்.

அந்த ஒரு நாளை நான் அவர்களுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தியிருக்கலாம். ஜெட்டைச் சின்னதாக்கி அளவை ஏற்றிக் காட்டும் வேலையைத்தான் அன்றைக்கும் செய்தேன். வண்டி தும்மியாவது சொன்னது. அந்தக் குழந்தைகள் எதுவும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார்கள்.

பெயர் எழுத மாட்டேன். அந்த இருவருக்கும் தெரியும். இதைப் படித்தால், அல்லது உங்களில் யாராவது அவர்களிடம் சொன்னால், எனக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். என் எண் மாறவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போதாவது பதில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று: ஜெட் அடைத்தால் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிடும். காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அவற்றைக் கெடுக்கும். மைலேஜ் அளக்கும்போது பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்