பையில் குத்திய மேப்பிள் இலை

2002-இல் சியோலில் நான் தங்கியிருந்த மாதிரி வீட்டை ‘ஹாசுக்ஜிப்’ என்பார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனையும் மெஸ்ஸையும் ஒரே கூரைக்குள் அடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. சின்ச்சொன் பகுதியில், பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு ஏறும் சந்து. மாடியில் அறைகள், கீழே வீட்டுக்கார அம்மாவின் சமையலறை, காலையும் இரவும் சாப்பாடு. அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. நான் மீனும் கறியும் தொடமாட்டேன் என்பதை அவர் கடைசிவரை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டார். நோயாளிக்குரிய பரிவோடு தனியாக டோஃபு பொரித்துத் தருவார்.

நான் வேதியியல் ஆய்வகத்தில் போஸ்ட்டாக். பக்கத்து அறையில் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு பையன். குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ட்யூஷன் சென்டரில் வேலை. எதிர் அறையில் சட்டம் படிக்கும் கொரிய மாணவன். என்னை ‘ஹ்யொங்’ என்பான், நம் ‘அண்ணா’தான்.

அந்த ஜூனில் ஊரே சிவப்பு. உலகக் கோப்பைக் கால்பந்து. சிவப்பு பனியன் கூட்டம் மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால் லட்சக்கணக்கில் நின்று பெரிய திரையில் ஆட்டம் பார்க்கும். ஜூன் 10 அன்று அமெரிக்காவுடன் 1-1. கோல் போட்ட ஆன் ஜுங்-ஹ்வான் மைதான ஓரத்துக்கு ஓடி, பனிச்சறுக்கு வீரரைப் போலக் கையை வீசிக் காட்டினார். பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் முதலில் வந்த கொரியரைத் தகுதிநீக்கம் செய்து, தங்கத்தை அமெரிக்கர் அப்போலோ ஓனோவுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழைய கணக்கு. பக்கத்தில் சிவப்பு பனியன் போட்டு உட்கார்ந்திருந்த ஒஹாயோ பையனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

மூன்று நாள் கழித்து, ஜூன் 13 அன்று, சியோலுக்கு வடக்கே யாங்ஜுவில் 14 வயதுச் சிறுமிகள் இருவர் அமெரிக்க ராணுவத்தின் கவச வாகனத்தில் அடிபட்டு இறந்தார்கள். தோழியின் பிறந்தநாளுக்குச் சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். நடைபாதையே இல்லாத இருவழிச் சாலை அது. அந்த வண்டியின் அகலம் அது ஓடிய தடத்தைவிட அதிகம். அன்றைக்கு நாடெங்கும் உள்ளாட்சித் தேர்தல், மறுநாள் போர்ச்சுகலுடன் ஆட்டம். கொரியா ஜெயித்தது. விடிய விடிய ஹாரன் சத்தம். சிறுமிகளின் செய்தி பத்திரிகையின் மூலையில் கிடந்தது.

பிறகு அமெரிக்கா மேல் கோபம் ஏன் அவ்வளவு பெரிதாக மூண்டது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஜூனைத்தான். தெருவில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஈமச்சடங்கு நடந்துகொண்டிருந்தது என்று சட்ட மாணவன் நவம்பரில் சொன்னான். அப்படிச் சொன்னவர்கள் அநேகம் பேர். அமெரிக்கா மேல் வந்த கோபத்தில் பாதி, தங்கள்மீதே வந்தது என்பது என் கணிப்பு.

நவம்பர் 20, 22 தேதிகளில் டோங்டுச்சொன் முகாமுக்குள் நடந்த அமெரிக்க ராணுவ நீதிமன்றம், வண்டித் தலைவரையும் ஓட்டுநரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. தலைவர் சிறுமிகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். உள்பேச்சுக் கருவிக் கோளாறால் ஓட்டுநர் காதில் விழவில்லை என்றது வாதம். ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அமெரிக்கப் படையினர்.

இரண்டாம் தீர்ப்பு வந்த இரவு, சாப்பாட்டு மேசையில்தான் ‘சோஃபா’ என்ற ஒப்பந்தத்தைப் பற்றி முதன்முதலில் விவரமாகக் கேட்டேன். 1966-இல் போட்டது. கொரியாவில் அப்போது ஏறத்தாழ 37,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். பணி நேரத்தில் அவர்கள் செய்யும் குற்றத்தை விசாரிக்கும் முதல் உரிமை அமெரிக்காவுக்கே. இந்த வழக்கை எங்களிடம் விட்டுக்கொடுங்கள் என்று கொரிய அரசு கேட்டுப் பார்த்தது. முடியாது என்று பதில் வந்துவிட்டது. “குற்றவாளியா இல்லையான்னு நான் சொல்லலை அண்ணா. எங்க ஊர் ரோடு, எங்க ஊர்ப் பிள்ளைங்க. எங்க ஊர் ஜட்ஜ் ஒருத்தர் கேட்டிருக்கணும், அவ்வளவுதான்” என்றான் சட்ட மாணவன். ஒஹாயோ பையன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கொரிய மொழி அந்த அளவுக்குப் புரியும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவர் வடக்கே ஹுங்னம் பக்கத்தவர். 1950 டிசம்பரில் சீனப் படை நெருங்கியபோது அமெரிக்கக் கப்பல்கள் அந்தத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகளை ஏற்றிவந்தன. அதில் ஒரு கப்பலில், உட்காரக்கூட இடமில்லாமல், அப்பாவின் இடுப்புத் துணியைப் பிடித்தபடி நின்றே வந்த பத்து வயதுப் பெண் அவர். “அவங்க வரலேன்னா நான் இல்லை, இந்தக் கிம்ச்சியும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே ஒஹாயோ பையனின் கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். சட்ட மாணவன் மறுபேச்சுப் பேசவில்லை. அவன் ஊரில் அவன் பாட்டியும் இப்படித்தானாம். ஆனால் அவன் தலைமுறை பேசிக் கேட்டு வளர்ந்தது 1980-ஐ. குவாங்ஜுவில் ராணுவம் மக்களைச் சுட்டுத் தள்ளியபோது அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை என்ற ஆற்றாமை அது. ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு அமெரிக்காக்கள் உட்கார்ந்திருந்தன.

அந்த வாரமே மெசஞ்சரில் தெரிந்தவர்கள் பெயருக்கு முன்னால் எல்லாம் துக்க ரிப்பன் குறி முளைத்தது. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நகர நடுவிலுள்ள குவாங்வாமுன்னுக்கு வாருங்கள் என்று யாரோ ஒருவர் இணையத்தில் எழுதிப் போட, நவம்பர் 30, சனிக்கிழமை மாலை ஜனம் திரண்டுவிட்டது. கட்சி கூப்பிடவில்லை, சங்கம் கூப்பிடவில்லை. கொரியாவில் பின்னாளில் ஆட்சிகளையே ஆட்டிவைத்த மெழுகுவத்திக் கூட்டங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து போன் போட்டார். “அமெரிக்காக்காரனைக் கண்டா அடிக்கிறானுவளாமே? நீ ராத்திரி வெளிய போவாத. போனாலும் நெத்தில விபூதி பூசிக்கிட்டுப் போ, அப்பந்தான் தெரியும்.” விபூதி என்ன சொல்லும் என்று கொரியனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஒஹாயோ பையனுக்கு அவன் நாட்டுத் தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: கூட்டங்களின் பக்கம் போகாதீர்கள், பொது இடத்தில் சத்தமாகப் பேசாதீர்கள். அவன் அதைச் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினான். இரண்டு நாள் கழித்து, வழக்கமாகப் போகும் பீர் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அமெரிக்கர்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில், ஸ்கெட்ச் பேனாவில். எழுத்து கோணல்மாணல், அமெரிக்கர் என்ற வார்த்தையில் ஓர் எழுத்து விட்டுப்போய், மேலே செருகியிருந்தது. கடைக்காரர் எங்களைத் தெரிந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். வாங்கடா என்றும் கூப்பிடவில்லை, போங்கடா என்றும் சொல்லவில்லை. பையன் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நான் ஓட்டுக்கூட புஷ்ஷுக்குப் போடலையே” என்றான்.

மறுநாள் அவன் முதுகுப் பையில் சிவப்பு மேப்பிள் இலை ஒன்று குத்தியிருந்தது. கனடாக்காரனாம். அந்தக் குளிர்காலத்தில் சியோலில் கனடாக்காரர்கள் திடீரென்று பெருகிப்போனார்கள் என்று ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களிடையே ஒரு கேலி ஓடியது. ரயிலில் ஒரு பெரியவர் அவனிடம் “எந்த நாடு?” என்று கேட்டபோது நானும் கூட இருந்தேன். “கனடா.” “ஓ, அங்கே ரொம்பக் குளிர்” என்று பெரியவர் தோளில் தட்டினார். பையன் காது மடல்வரை சிவந்துவிட்டான். நிஜத்தைச் சொல்லியிருந்தாலும் அவர் தட்டித்தான் கொடுத்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். செப்டம்பரில் ரயிலில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் ஊர்வலத்துக்குப் போனவர்களுக்கும் கைகலப்பு நடந்து, ஒரு சிப்பாயைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இழுத்துப்போனார்கள். டிசம்பரில் யோங்சான் முகாமுக்குப் பக்கத்தில் ஓர் அதிகாரியைக் கத்தியால் கீறினார்கள்.

டிசம்பர் 14, சனிக்கிழமை. சட்ட மாணவன் கூப்பிட, நானும் போனேன். வெளிநாட்டவர் அரசியல் காரியங்களில் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். “கையில எதையும் பிடிக்காதீங்க” என்று என் பேராசிரியர் முன்னமே எச்சரித்திருந்தார். ஜூனில் சிவப்பாக இருந்த அதே மாநகராட்சி முகப்பு, இப்போது கறுப்புக் கோட்டுகளும் மினுக்கும் சுடர்களுமாக. பல பத்தாயிரம் பேர். மூக்கு மரத்துப்போகும் குளிர். மீன்பிட்டு சூப் விற்கும் தள்ளுவண்டிகளில் அமோக வியாபாரம். எனக்குப் பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் தாள் கப்பின் அடிப்பாகத்தில் பேனாக்கத்தியால் சிலுவைக் குறி போலக் கீறி, அடியிலிருந்து மெழுகுவத்தியைச் செருகி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் அணையாது, மெழுகு கையில் சொட்டாது. ஒன்று என்னிடமும் நீட்டினாள் ஒருத்தி. பேராசிரியர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் பதினான்கு வயதுக்காரி நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டேன்.

மேடைப் பக்கம் பெரிய அமெரிக்கக் கொடியொன்றைத் தலைக்கு மேலாகக் கிழித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சட்ட மாணவனுக்கும் பிடிக்கவில்லை. பிறகு எல்லோரும் ‘அரிராங்’ பாடினார்கள். தூதரகத்துக்குப் போகும் வழியைப் போலீஸ் பேருந்துகளை முட்ட முட்ட நிறுத்தி அடைத்திருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை போட்டதால் அதற்குக் கோழிக்கூண்டு வண்டி என்று பெயர். கேடயம் பிடித்து நின்ற போலீஸ்காரப் பையன்கள் கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவர்கள், கூட்டத்தில் இருந்தவர்களின் வயதுதான். அந்த வரிசையில் தன் வகுப்புத் தோழன் ஒருவனைச் சட்ட மாணவன் கண்டுபிடித்துக் கையாட்டினான். அவன் பார்க்காத மாதிரி நின்றான்.

பத்து மணிக்கு டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அமெரிக்காவா?” என்றார், குரலில் குளிரோடு. இந்தியா என்றதும் முகம் மலர்ந்தது; புஷ்ஷைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அந்த நல்ல மனநிலையிலேயே, “எந்த ஃபேக்டரி?” என்றார், இப்போது ஒருமையில். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்றேன். மறுபடி மரியாதைப் பன்மை வந்துவிட்டது. சின்ச்சொன் போய்ச் சேர்வதற்குள் மூன்று மனிதர்களாகிவிட்டிருந்தேன்.

அந்த ‘ஃபேக்டரி’ ஆட்களைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசில்லை. ஞாயிறுகளில் நான் ஆன்சானுக்குக் கிரிக்கெட் ஆடப் போவேன். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையிலிருந்து ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் வந்து தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் ஆடுவார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பீர் கடைக் கதவுத் தாளைப் பற்றி நான் சொன்னபோது, சிட்டகாங்காரர் ஒருவர் பந்தைத் துடைத்துக்கொண்டே, “உங்க நண்பருக்காவது எழுதி ஒட்டுறாங்க” என்றார். ஒஹாயோ பையனுக்கு அது ஒரு குளிர்கால அனுபவம். இவர்களுக்கு வருடம் முழுக்க. இரண்டையும் எடை போட நான் வரவில்லை. ஆனால் அன்றைய வெளிநாட்டவர் பட்ட சங்கடங்கள் என்று எழுதப்பட்டதில் ஆன்சானை நான் எங்கும் படிக்கவில்லை.

டிசம்பர் 19 அன்று ரோ மூ-ஹ்யுன் அதிபர் தேர்தலில் வென்றார். அமெரிக்காவுக்குத் தலைவணங்கப் போவதில்லை என்று பேசியவர். அமெரிக்க அதிபர் புஷ், சிறுமிகளின் சாவுக்கு ஏற்கெனவே தூதர் வழியாகவும் பிறகு தொலைபேசியிலும் வருத்தம் தெரிவித்திருந்தார். வசந்தம் வந்தபோது பீர் கடைத் தாள் எப்போது கிழிக்கப்பட்டது என்றே யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் பையனுக்கு ஒரு தட்டு கணவாய் வறுவல் சும்மா கொடுத்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேப்பிள் இலை பையிலேயே இருந்தது, பழக்கதோஷம். அந்த 2002-இல் மேடையில் பொம்மைக் கவச வண்டியைப் போட்டு உடைத்த ஒரு பாடகர், பத்து வருடம் கழித்து ‘கங்னம் ஸ்டைல்’ என்று உலகத்தையே ஆட்டிவைத்தார். அமெரிக்காவில் பழைய கதை கிளம்ப, மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அவர்தான் சை.

2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்த கடற்படைக் காவலர்கள் இருவர் சுட்டு, நம் மீனவர்கள் இருவர் இறந்தார்கள்; ஒருவர் கொல்லம் பக்கம், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். விசாரிக்கும் உரிமை யாருக்கு என்று இரு நாடுகளும் இழுத்தன. அப்போது வக்கீலாகிவிட்டிருந்த சட்ட மாணவன் எனக்கு ஒரே வரியில் எழுதியிருந்தான்: “அண்ணா, உங்க ஜட்ஜ் கேட்டாரா?” கேட்கிறார்கள், பார்ப்போம் என்று பதில் போட்டேன். பிறகு ஹேக் தீர்ப்பாயம், அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், இந்தியா விசாரிக்க முடியாது என்று சொல்லி இழப்பீடு தரச் சொன்னது. 10 கோடி ரூபாய் கட்டியதும் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அதையும் அவனுக்கு எழுதினேன்.

“ஒன்பது வருஷமா?” என்று பதில் வந்தது. “எங்களுக்கு ஐந்தே மாசம்.”