சீட்டில் கொட்டிக் கிடந்த கல் உப்பு

“ஏல, சீட்டுல யாரு உப்பைக் கொட்டுனது?”

அம்மாதான் முதலில் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் காரின் பின் சீட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பரல்கள். உப்பளத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள் கண்ணுக்கு அது கல் உப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. பின் கதவில் கண்ணாடியே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அம்மாவின் கைப்பை இருந்த இடம் காலியாக இருந்தது.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26-ல் கொடியேறும். ஆகஸ்ட் 5 பெருவிழா. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. ஆனாலும் அம்மா வருஷம் தவறாமல் மாதாவைப் பார்க்கப் போவாள். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வேலை நிமித்தமாக மதுரையில் இருக்கும் நானும் அந்த ஒரு நாளுக்காக மனைவி, மகளோடு வந்துவிடுவேன்.

அன்று கூட்டம் அதிகம். கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் காரை நிறுத்தினேன். பேண்டும் ஒலிபெருக்கியுமாக இரைச்சல். அம்மாவின் காது மிஷின் இந்த மாதிரி நேரத்தில் இரைச்சலைத்தான் பெரிதாக்கித் தரும். “காது வலிக்கி” என்று கழற்றிப் பையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டப் போனவளை நான்தான் தடுத்தேன்.

“கூட்டத்துல எவனாவது பிடுங்கிட்டுப் போயிருவான்மா. கார்லயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்.”

பின் சீட்டில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, நானே வைத்தேன். ஒரு மணி நேரம்தான். திரும்பி வந்தபோது உப்பு.

காருக்குப் பத்தடி தள்ளி ஒரு கடலை வண்டி நின்றது. இரும்புச் சட்டியில் மணலோடு கடலையை வறுத்து, கரண்டியால் டங் டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். நாற்பது வயதிருக்கும். நாங்கள் இறங்கும்போதும் அவர் அங்கேதான் இருந்தார். கோபம் தலைக்கேற, நேராக அவரிடம் போனேன்.

“பத்தடியில நிக்கிறீங்க. கண்ணாடி உடைஞ்சது கேக்கலைங்கிறீங்களா?”

“இல்ல அண்ணாச்சி, மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கடலை வாங்குற ஆளுகளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் கையிலிருந்த இரும்புக் கரண்டியை மட்டும்தான் நான் பார்த்தேன். திருவிழாப் பாதுகாப்புக்கு நின்ற இரண்டு காவலர்கள் வந்ததும், “இவரை நல்லா விசாரிங்க சார், இவருக்குத் தெரியாம நடந்திருக்காது” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். காவலர்கள் அவரை ஓரமாக அழைத்துப் போய் விசாரித்தார்கள், வண்டிக்கு அடியில் இருந்த சாக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்துபோனது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவரை அனுப்பியபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வருஷத்தில் நல்ல வியாபாரம் நடக்கும் இரவு அது.

அம்மா கார் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மிஷின் இல்லாததால் நான் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

காவல் நிலையத்தில் புகார் எழுதும்போதுதான் பைக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். மூவாயிரம் ரூபாய், ஏ.டி.எம். கார்டு, மூக்குக் கண்ணாடி, காது மிஷின், ஆதார் அட்டை, வீட்டுச் சாவி.

கடைசி இரண்டையும் சேர்த்து எழுதியதும் என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “ஆதார்ல வீட்டு அட்ரஸ் இருக்கு. சாவியும் அதே பையில இருக்கு.”

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. உடனே சித்தப்பா மகனுக்குப் போன் செய்து வீட்டு வாசலில் போய் உட்காரச் சொன்னேன். அன்று இரவே வாசல் பூட்டை மாற்றினோம். அவள் போனிலேயே ஏ.டி.எம். கார்டை முடக்கி, அம்மாவின் ஆதார் கைரேகையையும் லாக் செய்துவிட்டாள். கார் திருட்டு என்றால் நாம் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். முதல் பத்து நிமிடத்தில் கவனிக்க வேண்டியது சாவியும் கார்டும்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டப்படி, குற்றம் நடந்த எல்லை எதுவாக இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் அந்தக் காகிதம் தேவைப்படும். அதனால் எதையும் துடைப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அது ஆடி மாதம். எங்கள் ஊர் ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பகலெல்லாம் புழுதியை வாரி இறைக்கும். கண்ணாடி இல்லாத கதவில் தடிமனான பிளாஸ்டிக் தாளை ஒட்டினோம். பெயின்ட் உரியாமல் இருக்க மாஸ்கிங் டேப்பைத்தான் கதவில் ஒட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிக் கொடுத்தான். ராத்திரி முழுக்க அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் தாள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பாளை ரோட்டுப் பக்கம் ஒரு கார் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் காரின் மாடலுக்கான கண்ணாடி கையிருப்பில் இல்லை, மதுரையிலிருந்து பஸ் பார்சலில் மறுநாள் வரும் என்றார் கடைக்காரர்.

“இவ்வளவு பெரிய கடையில, ஒரு கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தர முடியாதா அண்ணாச்சி?”

சிரித்தார். “இது வீட்டு ஜன்னல் கண்ணாடி இல்ல. வெட்டுனா மொத்தமும் பொடியாயிரும்.”

பிறகு விளக்கினார். கார் கதவுக் கண்ணாடியை முதலிலேயே வேண்டிய வடிவத்தில் வெட்டி, 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேல்பரப்பை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவைதான் கண்ணாடிக்குப் பலம். ஆனால் ஏதோ ஒரு புள்ளியில் அது அறுந்துவிட்டால், மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல் உப்பாக உதிர்ந்துவிடும். கத்தி மாதிரி நீளத் துண்டுகள் வந்தால் உள்ளே இருப்பவர் கழுத்தை அறுத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. முன்பக்கக் கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு இருப்பதால் அது விரிசல் விடுமே தவிர உதிராது.

“2023 டிசம்பர் வெள்ளத்தைப் பாத்த ஊருல்லா இது” என்றார் அவர். “தண்ணிக்குள்ள கார் மாட்டுனா, கரண்ட் போயி ஜன்னல் இறங்காது. கதவும் திறக்காது. அப்போ முன் கண்ணாடியைப் போட்டு அடிச்சிக்கிட்டிருக்கக் கூடாது. சின்னச் சுத்தியல் ஒண்ணு கையெட்டுற இடத்துல வச்சிக்கிடணும். பக்கத்துக் கண்ணாடியில, மூலையில அடிக்கணும். திருடனுக்கு உடையிற கண்ணாடிதான் நம்மளையும் காப்பாத்தும்.”

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று கணக்குப் போட்டேன். முழு பாலிசி என்பதால் உடைந்த கண்ணாடிக்குப் பணம் வரும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், கண்ணாடிக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆனால் 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு முறையும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான். எனக்கு ஆன செலவு கூலியோடு 2,900. ஆக, கிடைக்கப்போவது 1,900. ஒரு தடவை கேட்டுவிட்டால், மூன்று வருஷம் எதுவும் கேட்காமல் இருந்ததற்காகக் கிடைத்து வந்த 35 சதவீதத் தள்ளுபடி அடுத்த வருஷம் போய்விடும். என் பாலிசியில் அது இரண்டாயிரத்துக்கும் மேல். கையிலிருந்தே கொடுத்துவிட்டேன். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை, எதுவும் வராது. பைக்குள் இருந்த பொருட்களுக்கோ சாதாரணமாக எந்த மோட்டார் பாலிசியும் பொறுப்பேற்காது. அம்மாவின் காது மிஷின் அப்படித்தான் போனது.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி வந்தது. மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார் கடைக்காரர். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியபோது, அதற்குள்ளிருந்து மட்டும் இரண்டு கைப்பிடி கண்ணாடிப் பரல்கள் வந்தன. அதைச் சுத்தம் செய்யாமல் புதுக் கண்ணாடியைப் போட்டால் ஏற்றி இறக்கும்போது கீறல் விழும். கதவின் அடியில் மழைநீர் வடிகிற சின்னத் துளைகளும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் அதற்கு அதிக நாள் ஆகாது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கார் பழையபடி ஆகிவிட்டது.

நாங்கள் மதுரைக்குத் திரும்பினோம். அம்மாவுக்குப் புதுக் காது மிஷின் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை எங்களோடு இருக்கட்டும் என்று அழைத்துவந்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். “அன்னைக்கு அந்தக் கடலைக்காரனை ஏன் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு? அவன்தான் எடுத்தானா?”

“இல்லம்மா.”

“என்ன?”

“அவர் எடுக்கல!”

“பின்ன ஏன் கூட்டிட்டுப் போனாங்க?”

அவள் காதருகே குனிந்து, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. “நான்தான்மா சொன்னேன். அவர் மேல சந்தேகம்னு நான்தான் சொன்னேன்!”

ஜன்னல் திறந்திருந்தது. எதிர் வீட்டுக்கும் கேட்டிருக்கும். என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “பையை அங்க வச்சது நீ. கொண்டு போனவன் எவனோ. நடுவுல அவன் என்னல செய்தான்?” என்றாள். பிறகு, “அவங்கிட்டப் போய்ச் சொல்லிட்டியா?”

சொல்லவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் அம்மாவைக் கொண்டுபோய் விட ஊருக்குப் போனோம். திருவிழா முடிந்து அந்தக் குறுக்குத் தெரு வெறிச்சென்று கிடந்தது. டீக்கடையில் விசாரித்ததில், ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துநகர் கடற்கரையில் அவரைப் பார்க்கலாம் என்றார்கள். மாலையில் போனோம். டங் டங் சத்தம் தூரத்திலேயே கேட்டது. புது மிஷின் மாட்டியிருந்த அம்மாவுக்கும் கேட்டது.

அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கரண்டி நின்றது. நான் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. “அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க” என்றேன். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினேன்.

“எதுக்கு அண்ணாச்சி?” அவர் கை நீளவில்லை. “பொருள் போன ஆளு யாரைன்னாலும்தான் சந்தேகப்படுவான். அன்னைக்கு வறுத்தது நமத்துப் போச்சு, அவ்வளவுதான்.”

கரண்டியை எடுத்து ரெண்டு கிண்டு கிண்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“எம் பையன் கூட இருந்தான் அன்னைக்கு. வண்டிக்குப் பின்னால உக்காந்திருந்தான். அதுதான்.”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அம்மாதான் முன்னால் வந்து, “ரெண்டு பொட்டலம் குடுய்யா” என்றாள். பொட்டலத்துக்கு உண்டான காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார்.

திருடன் யார் என்று இதுவரை தெரியாது. பையும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் காரை விட்டு இறங்கியதும் ஒரு சுற்று சுற்றி வந்து, வெளியிலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கிறேன். சார்ஜர் வயர்கூடக் கண்ணில் படாமல் எடுத்துவைக்கிறேன். நீங்களும் செய்யுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும்.

எத்தனை முறை வாக்குவம் கிளீனர் போட்டாலும், சீட்டு இடுக்கிலிருந்து எப்போதாவது ஒரு கண்ணாடிப் பரல் வந்து விழுகிறது. போன வாரம் மகள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

“அப்பா, அந்தக் கடலை அங்கிளோட பையன் இப்ப எந்த கிளாஸ் படிப்பான்?”

தெரியவில்லை என்றேன். வருகிற திருவிழாவுக்குப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முறை பெயரோடு.