காவல் நாயும் நம் பொறுப்பும்

எங்கள் தென்னந்தோப்பின் காவல் நாய், தேங்காய் பறிக்க வந்தவரின் மகனைக் கடித்துவிட்டது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடச் செய்தோம். தந்தை இழந்த கூலியையும் கொடுத்தோம். நாயைக் கட்டிவைத்து 10 நாட்கள் கண்காணித்ததில் வெறிநோய் இல்லை என்பது தெளிவாயிற்று. ஆயினும், 'தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்' என்றனர் உறவினர்.

விளைநிலக் காவலுக்கு நாய் வளர்க்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும் அறிவித்துள்ளார்கள். பிறருக்குத் தீங்கிழைப்பதையும் அதே மார்க்கம் தடுக்கிறது. வேற்றூரில் விட்டால் அங்கும் குழந்தைகள் நடப்பார்கள். நாயும் பசியால் வாடும். நம் வீட்டுத் தீங்கை அயலார் வாசலில் இறக்கிவைப்பது தீர்வன்று.

ஆகவே கம்பிவேலிக் கூண்டு அமைத்தோம். பகலில் பூட்டு, ஆள் நடமாட்டம் ஓய்ந்த இரவில் மட்டுமே அடைத்த தோப்புக்குள் காவல். அமானிதத்தைப் பேணுவதென்பது இரக்கமும் எச்சரிக்கையும் சேர்ந்ததே.