தகடூரிலிருந்து காவிரிக்குச் சைக்கிளில்

நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ரயில் வண்டி வேகம் மிகுந்த வாகனம். கால் நடையோ பொறுமை மிகுந்த வாகனம். இரண்டுக்கும் நடுவே இருந்து நியாயம் செய்வது சைக்கிள்தான். பங்களூரிலிருந்து சேலத்துக்கு மோட்டாரில் விரைகிறவர்களுக்குத் தர்மபுரி என்பது சாலையோரத்துப் பெயர்ப் பலகை மட்டுமே. அந்தப் பலகையடியில் மேற்கே திரும்பிச் சைக்கிளை மிதிக்கிறவர்களுக்கோ, ஒகேனக்கல் வரையில் சுமார் 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரமும், ஒரு தேசபக்தரின் சமாதியும், யானைக் காடும், காவிரி மாநதியும் வரிசையாய்க் காத்திருக்கின்றன. பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றிச் சென்றால் தூரம் கொஞ்சம் கூடும். பலனோ பன்மடங்கு கூடும்.

புறப்படுவதற்குக் கார்த்திகை, மார்கழி மாதங்களே உகந்தவை. சித்திரை வெயிலில் இந்தப் பக்கத்துப் பாறைகள் தோசைக் கல்லாகிவிடும். சாமான்கள் அதிகம் வேண்டியதில்லை. காற்றுப் பம்பு, பங்க்சர் ஒட்டும் பெட்டி, ஒரு திருகுச் சாவி, இரண்டு பாட்டில் குடிநீர் போதும். தெற்கே தொப்பூர்க் கணவாயைச் சைக்கிளில் கடக்க ஆசைப்பட வேண்டாம். அந்த இறக்கத்தில் கனத்த லாரிகள் பிரேக்குப் பிடிக்காமல் உருண்டு அடிக்கடி விபத்து நேருகிறது. தர்மபுரியிலிருந்தே யாத்திரையைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி இருந்து ஆண்ட ஊர் இது. உண்டவருக்கு நீண்ட ஆயுளைத் தரும் என்று சொல்லப்பட்ட அபூர்வ நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த வள்ளலைத் தமிழ்க் குழந்தைகள் எல்லாருமே அறிவார்கள். இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டு வந்தவர்கள் அவனுடைய முன்னோர் என்பதும் புறநானூறு தரும் செய்தி. இதெல்லாம் புலவர் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 1981-ஆம் வருஷத்தில் பதில் கிடைத்தது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில், பாறைக் குகை ஒன்றில் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு அகப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அந்தக் குகையைத் தானமாக அளித்தான் என்கிறது அது. அசோகச் சக்கரவர்த்தி தம் கல்வெட்டுகளில் தெற்கத்திய அரசர்களோடு சேர்த்துச் சொன்ன ‘ஸதியபுதோ’ என்ற பட்டமும் அதில் அவனுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. ஔவை பாடிய வள்ளலுக்குக் கல்லே சாட்சி சொல்லிவிட்டது!

ஊரை விட்டுப் புறப்படுமுன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நுளம்பர் காலத்துச் சிற்பத் திறனைக் காட்டும் கோட்டைக் கோயில். மற்றொன்று, நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கும் அகழ்வைப்பகம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் உயிர் துறந்த வீரர்களை, வில்லும் வாளும் ஏந்திய கோலத்தில் செதுக்கி நாட்டிய கற்கள் அவை. பெரிய அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஊர் மாட்டுக்காக உயிர் விட்டவனுக்கு இந்தக் கல்லே மெய்க்கீர்த்தி. பிற்காலத்தில், 1792-லிருந்து 1799 வரையில், தாமஸ் மன்றோ என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் இந்தப் பாராமகால் சீமையில் நிலத்தை அளந்து வரி விதிக்கும் வேலையில் இருந்தார். பிறகு சென்னை கவர்னராகவும் உயர்ந்தார். ஈந்தவன் ஆண்ட நாட்டில் அளந்து வாங்குகிறவர் வந்து சேர்ந்தது காலத்தின் விநோதந்தான்.

மேற்கே திரும்பிப் பாப்பாரப்பட்டிச் சாலையில் மிதிக்கத் தொடங்கினால் உலகமே மாறிவிடுகிறது. இருபுறமும் புளிய மரங்கள். அவற்றுக்கு அப்பால் ராகிக் கொல்லைகள், மாந்தோப்புகள், அடிவானத்தில் நீல மலைத் தொடர். மேடும் பள்ளமுமான பாதை. ஒவ்வொரு மேட்டுக்கும் கால் கப்பம் கட்ட வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் காற்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பசித்தால் சாலையோரத்தில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைக்கும். களியை மென்று தின்னாமல் விழுங்க வேண்டும் என்ற சாஸ்திரத்தை அந்தக் கடைக்காரர்களே கற்றுக் கொடுப்பார்கள்.

பாப்பாரப்பட்டியில் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவின் சமாதி. வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் 1908-இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர் சிவா. 1912-இல் வெளியே வந்தபோது, சிறை அவருக்கு அளித்திருந்த வெகுமதி தொழுநோய். பிறகு சர்க்கார், நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறலாகாது என்று தடுத்தது. பேச்சினாலேயே ஜனங்களை எழுப்பிவிடக் கூடியவரை ஒரே ஊரில் கட்டிப் போட அதைவிட நல்ல வழி வேறென்ன?

ஆனால் சிவா கட்டுண்டு கிடக்கவில்லை. புண்பட்ட காலோடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். அந்நாளில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 1906-இல் தொடங்கி 1941-இல் நின்று போன வண்டி அது. அந்தச் சின்ன ரயிலும் அவருக்கு இல்லை! பாப்பாரப்பட்டிக்கு அருகே நிலம் பெற்றுப் பாரதபுரம் என்ற ஆசிரமத்தை நிறுவி, அங்கே பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பக் கனவு கண்டார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன தாஸ் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஆலயம் எழுவதற்குள், 1925 ஜூலை 23-ஆம் தேதி, நாற்பத்தொரு வயது நிரம்பாமலே சிவா கண் மூடினார். இன்று தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கே அவருக்கு மணி மண்டபமும், பாரத மாதாவுக்கு நினைவாலயமும் அமைத்திருக்கிறது. உல்லாசத்துக்காகச் சைக்கிள் மிதித்து வருகிற நமக்கு, வேறு வழியின்றி இந்தப் பாதைகளில் வந்த அந்த மனிதரை நினைக்கையில் கால் வலி என்று சொல்ல நா எழாது.

அங்கிருந்து பென்னாகரம் போகும் வழியில், தெருக் குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு மூதாட்டியிடம் தண்ணீர் கேட்டேன்.

“மிதிச்சிக்கிட்டேவா வர்றீங்க, சாமி? எங்கே, ஒகேனக்கல்லுக்கா?” என்று கேட்டார்.

“ஆமாம், பாட்டி.”

“போய்ப் பார்த்துட்டு வாங்க. நாங்க அந்தத் தண்ணியைப் பார்க்கப் போனதுதான் உண்டு; அது எங்களைப் பார்க்க இப்பத்தான் வருது!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பிலே இந்த ஜில்லாவின் நெடுநாள் துயரம் இருந்தது. தர்மபுரிப் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு என்னும் உப்புச் சத்து அதிகம். கிணற்று நீரிலும், ஆழ்குழாய் நீரிலும் அது கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஆகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. மீறினால் வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும். காய்ச்சிக் குடித்தாலும் அது போகாது. ஜில்லாவின் ஓரத்தில் காவிரி பெருகி ஓட, உள்ளே குழந்தைகள் இந்த நீரைக் குடித்து வளர்ந்தார்கள். காரணம் எளியது. ஆறு ஓடுவது ஆழமான பள்ளத்தாக்கில். ஊர்கள் இருப்பதோ மேட்டில். ஜப்பான் தேசத்துக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நிறைவேறிய பிறகுதான் காவிரி மேடேறி இந்த வீடுகளுக்கு வந்தது.

பென்னாகரத்தைத் தாண்டினால் சுமார் 16 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடும் இறக்கமும். இது யானைகளின் ராஜ்யம். கர்நாடகக் காடுகளுக்கும் இந்தக் காடுகளுக்கும் இடையே அவை தலைமுறை தலைமுறையாய்ப் போய் வருகின்றன. 2014-இல் இங்குள்ள காடுகளில் ஒரு பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகையால் பொழுது விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே காட்டுக்குள் சைக்கிள் இறங்க வேண்டும். அந்தி சாயுமுன் வெளியேறிவிட வேண்டும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். மணி அடித்து வழி கேட்க வேண்டாம். அங்கே வழி அதனுடையது. வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாமல் இருப்பதும் புண்ணியமே.

வளைவுகள் முடிகிற இடத்தில், நீர் கண்ணில் படுமுன் ஓசை காதில் விழுகிறது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. பாறை மேல் புகை எழுவது போல் நீர்த் திவலை பறப்பதால் புகைக்கல் என்ற பொருளில் ஒகேனக்கல் ஆயிற்று. காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து கரும்பாறைகளினிடையே குதிக்கிறது. சின்னாறும் இங்கே வந்து அதனோடு கலக்கிறது. மூங்கில் பின்னிய வட்டப் பரிசலில் உட்கார்ந்து பாறைச் சுவர்களுக்கு நடுவே செல்லும்போது, பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பைக் கொண்டு சுழலையும் நீரோட்டத்தையும் சமாளிக்கும் லாகவத்தைப் பார்க்க வேண்டும்! நீர்வரத்து மிகுந்த நாட்களில் பரிசல் ஓட்டத் தடை செய்துவிடுவார்கள். அந்தத் தடையை மதிப்பது உயிருக்கு நல்லது. எண்ணெய் தேய்த்துக் குளியலும், ஆற்று மீன் வறுவலும் அவரவர் ருசியைப் பொறுத்தவை.

திரும்பும்போது, இறங்கி வந்த மலைச் சரிவில் ஏறியாக வேண்டும். பாதி வழியில் நம்மில் பலர் கீழே இறங்கிச் சைக்கிளைத் தள்ளத்தான் நேரும். மூச்சு வாங்க நிற்கும்போது பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடியுங்கள். உங்கள் உடம்பு ஏறத் திணறுகிற அதே மேட்டில் தண்ணீரையும் ஏற்றித்தான் பென்னாகரத்துக்கும், பாப்பாரப்பட்டிக்கும், தகடூருக்கும் அனுப்புகிறார்கள். மோட்டாரில் வருகிறவர்களுக்கு இந்த மேடு ஒரு கியர் மாற்றம். சைக்கிளைத் தள்ளி வருகிறவர்களுக்கு, அந்தப் பாட்டி வீட்டுக் குடத்துத் தண்ணீரின் விலை அங்கே தெரியும்.