விரல் வேகமும் விழும் கட்டைகளும்

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இருக்கிறது ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம். உள்ளே போனதும் தங்கை மகன் நேராக டாங்கி காங் இயந்திரத்திடம் ஓடினான். ஏறக்குறைய இருபது அடி உயரம். 2023இல் விரிவுபடுத்திய பகுதியில் நிற்கும் அதை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்த வேண்டியதில்லை, விளையாடவும் விடுகிறார்கள்.

நான் தேடி வந்தது, இங்கே இருக்கும் உலக வீடியோ கேம் புகழ் மண்டபத்தை. 2015இல் முதன்முதலாக அதில் சேர்க்கப்பட்ட ஆறு விளையாட்டுகளில் டெட்ரிஸும் ஒன்று. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னவ் உருவாக்கியது.

திரும்பி வந்த பையன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் டெட்ரிஸையே விளையாட ஆரம்பித்தான். பின்னால் நின்று பார்த்தேன். மேலிருந்து கட்டை தலைகாட்டியதுமே அதை இரண்டு மூன்று முறை திருப்பிவிடுகிறான், பிறகுதான் இடம் தேடுகிறான். பார்ப்பவர்களுக்கு அவசரமாகத் தெரியும். டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் இதைத்தான் விளக்கினார்கள். ஒரு கட்டையை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. பொத்தானை அழுத்தித் திரையிலேயே திருப்பினால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். அதனால் கைதேர்ந்தவர்கள் விரலாலேயே யோசிக்கிறார்கள். எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு!

"மாமா, இதை விளையாடினா கை ஸ்பீடாகும்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். நெஜமா?"

"இந்த விளையாட்டுல ஆகும்டா. வெளியில ஆகுமான்னுதான் கேக்கணும்."

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் இதே ஊர்க்காரர்கள். ஜெனசி ஆற்றங்கரையில் இருக்கும் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஷான் கிரீனும் டாஃப்னி பாவலியேயும் 2003இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீடியோ விளையாட்டுப் பழக்கம் இல்லாதவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சுடும் விளையாட்டு, மற்றதற்கு டெட்ரிஸ். தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். சுடும் விளையாட்டுக் குழுவின் பார்வைக் கவனம் தெளிவாகக் கூடியது. டெட்ரிஸ் குழு அந்த அளவுக்கு முன்னேறவில்லை. டெட்ரிஸை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம்தான் முக்கியம்: அதிலும் கண்ணும் கையும் சேர்ந்து உழைக்க வேண்டும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே பொருளைக் கவனித்தால் போதும். எந்த மூலையிலிருந்து என்ன வரும் என்ற பதற்றம் இல்லை. போதாததற்கு, அடுத்த கட்டை எது என்றும் பெரும்பாலும் ஓரத்தில் காட்டிவிடுகிறார்கள். திடீரென வருவதற்கு ஈடுகொடுப்பதுதான் எதிர்வினை வேகம். டெட்ரிஸ் கேட்பது முன்யோசனையை.

சுடும் விளையாட்டின் பலனும் முடிந்த முடிவல்ல. 2008இல் இல்லினாய் பல்கலைக்கழகக் குழுவினர் இருபது மணி நேரத்துக்கு மேல் வீடியோ விளையாட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான சோதனைகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் மட்டும் ஓரளவு கூடியது.

பிறகும், விளையாடினால் திறன் கூடும் என்ற விளம்பரங்கள் ஓயவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் பலன்களைச் சொன்னதாக எழுந்த வழக்கில் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோரின் ஆசையை முதலாக வைத்து நடக்கும் இந்த வியாபாரம் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். புதிர் பிடித்திருந்தால் பிள்ளைகள் தாராளமாக விளையாடட்டும். கைவேகம் கூடும் என்று யாராவது பணம் கேட்டால், அந்த விளையாட்டுக்கு வெளியே, வேறொரு வேலையில் அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.